நடை அல்லாத அசைவு

"அவ திரும்பி வந்துக்கிட்டிருந்தாளா, டீச்சர்? அதை மட்டும் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

சங்கரபாண்டியன் வாசலிலேயே நின்று கேட்டார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செருப்பை வெளியே கழற்றி விட்டிருந்தார். கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவராகவே முடிவு செய்துகொண்டது.

ஜெசிந்தா டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். சங்கரபாண்டியனின் மகள் வயதுதான் இருக்கும். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் மாடியறை அவருடைய இடம். மூட்டுவலிக்காரர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு நடத்தினார். அதற்காகச் சில பெண்கள் தங்கள் போனில் ஒரு செயலியை வைத்துக்கொண்டார்கள். போன் எங்கே போகிறது, எப்படி அசைகிறது என்று அது ஓயாமல் குறித்து அனுப்பிக்கொண்டிருக்கும்.

அந்தப் பெண்களில் ஒருத்தி பேராச்சி. சங்கரபாண்டியனின் மனைவி.

பேராச்சி இப்போது இல்லை.

"சண்டையா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஆமா. அக்கா வீட்டுக்குப் போறேன்னு மத்தியானம் கிளம்பினா. போனா போன இடத்திலேயே இருன்னுட்டேன். சாயங்காலம் குளத்துக்கு அந்தாண்ட பஸ் ஸ்டாப்புல சரிஞ்சு கிடந்தாளாம். நெஞ்சுவலி. அக்கா வீட்டுக்கும் போய்ச் சேரல. அந்த ஸ்டாப்புல போற பஸ்ஸும் நிக்கும், வார பஸ்ஸும் நிக்கும்."

வாசலைத் தாண்டி ஓர் அடி உள்ளே வந்தார்.

"என் பக்கம் திரும்பிட்டாளான்னு தெரியணும். அது அவ போனுக்குத் தெரியும். அது சொன்னதெல்லாம் உங்ககிட்ட இருக்கு."

"இருக்கு. ஆனா உங்க வீட்டம்மா டேட்டாவை நான் திறக்க மாட்டேன், அண்ணாச்சி. அது உங்க ரெண்டு பேர் விஷயம். பைப்லைனை நீங்களே இன்ஸ்டால் பண்ணுங்க. நீங்களே ஓட்டிப் பாருங்க."

"எனக்கு என்ன தெரியும்?"

"கரண்டு எங்கிருந்து புறப்பட்டு, எது எது வழியா வீட்டுக்கு வருதுன்னு தெரியும்லா?"

"அது தெரியும்."

"அப்போ உட்காருங்க."

உட்கார்ந்தார்.

பைப்லைன் என்றால் இதுதான்: ஒரு முனையில் போன் அனுப்பிய எண்கள் நுழையும். மறுமுனையில் படமாக வெளியே வரும். நடுவில் நாலைந்து புரோகிராம்கள், ஆளுக்கொரு வேலை. இது அவருக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. பிடிபடாதது அவற்றின் குணம். ஒன்றை நிறுவப் போனால், இன்னொன்று வந்தால்தான் நான் வருவேன் என்றது. அந்த இன்னொன்று வேறு யாரையோ கேட்டது. கல்யாணப் பந்தியில் முறுக்கிக்கொள்ளும் சம்பந்திகள் தோற்றார்கள்.

"டீச்சர், சிவப்பு எழுத்துல திட்டுது."

"என்னன்னு?"

"ஏதோ இல்லைங்குது."

"இல்லாததைக் கொண்டு வந்து வைங்க."

பாடம் அவ்வளவுதான். மறுநாளும் அதே பாடம். சங்கரபாண்டியன் தினமும் டிபன் பாக்ஸோடு வந்தார். கரண்டுக் கம்பத்தில் ஏறியபோதுகூட இவ்வளவு ஏச்சு வாங்கியதில்லை என்று சொல்லிக்கொண்டார். ஆனாலும் வந்தார்.

ஒரு நாள் சிவப்பு எதுவும் வரவில்லை.

அவர் கை பேராச்சியின் பெயருக்குப் போனது. டீச்சர் விரலால் மேசையைத் தட்டினார்.

"முதல்ல உங்க போன். அதே செயலியைப் போட்டுக்கிட்டு ஒரு நாள் சும்மா இருங்க. அந்த டேட்டாவை ஓட்டிப் பாருங்க. சரியா வருதான்னு தெரியணும்லா."

அப்படியே செய்தார். அவருடைய ஒரு நாள் திரையில் கோடாக ஓடியது.

"இது?" டீச்சர் காட்டிய இடத்தில் கோடு ரம்பப் பல்லாக ஏறி இறங்கியது.

"டீக்கடைக்கு நடந்தது."

"இது?"

அது ஒரு சின்ன மேடு. பிறகு சமதரை. மறுபடி சின்ன மேடு. மறுபடி சமதரை. பகல் முழுக்க அப்படித்தான் போயிருந்தது.

சங்கரபாண்டியனுக்குக் கூச்சமாக இருந்தது.

"போனை எடுத்துப் பார்த்திருப்பேன். வச்சிருப்பேன்."

"யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல."

சங்கரபாண்டியன் தன் போனைக் கவிழ்த்து வைத்தார். அவரே சொன்னார்.

"ஒருவேளை அவதானோன்னு இருக்கு. இல்லைன்னு தெரியும். கை கேக்க மாட்டேங்குது."

அந்த மேடுகளை அவருக்குப் பிடிக்கவில்லை. தன் வீட்டுக் கொடியில் காயும் கிழிந்த பனியனை ஊரே பார்ப்பதுபோல இருந்தது. அமைப்புகளில் துழாவினார். 'துப்புரவு' என்று ஒன்று இருந்தது. நடை அல்லாத அசைவையெல்லாம் அது நீக்கிவிடும். நீக்கியதால் விழும் இடைவெளியை நேர்கோட்டால் இணைத்துவிடும். டீச்சர் அதை அணைத்து வைத்திருந்தார். சங்கரபாண்டியன் போட்டுவிட்டார்.

மேடுகள் மறைந்தன. கோடு இழுத்துக் கட்டிய கம்பியாக நின்றது. தொழில்காரருக்கு அதில் ஒரு திருப்தி.

அந்தத் திருப்தியோடு பேராச்சியின் டேட்டாவைத் திறந்தார்.

வரைபடம் வந்தது. வீட்டிலிருந்து குளத்தைச் சுற்றி பஸ் ஸ்டாப்புக்கு ஒரு கோணல் கோடு. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு ஒரு நேர்கோடு.

சங்கரபாண்டியன் அழுதார். ஆய்வகம் என்றும் பார்க்கவில்லை, வாய்விட்டே அழுதார்.

"வந்திருக்கா, டீச்சர். என்கிட்டதான் வந்திருக்கா."

டீச்சர் நெடுநேரம் திரையைப் பார்த்தார். சொல்லாமல் விட்டிருக்கலாம். யாரும் அவரைக் குறை சொல்லப் போவதில்லை.

"நடந்து வந்தாங்களா, அண்ணாச்சி?"

"கோடு இருக்குல்லா."

"அது குளத்து மேல போவுது."

சங்கரபாண்டியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கோடு குளத்தின் நடுவே போயிருந்தது.

"போனை வீட்டுக்குக் கொண்டு வந்தது யாரு?"

"என் மச்சான். ஆஸ்பத்திரியிலேருந்து. அணைஞ்சு கிடந்துது. நான்தான் வீட்டுல சார்ஜ்..."

பஸ் ஸ்டாப்புக்குப் பிறகு அணைந்த போன் வீட்டில்தான் மறுபடி விழித்தது; நடுவில் இருந்த இடைவெளியைத்தான் துப்புரவு நேர்கோடாக இழுத்திருந்தது.

டீச்சர் கீபோர்டை அவர் பக்கம் தள்ளினார்.

"துப்புரவு போட்டது நீங்க. நீங்களே எடுங்க."

"எடுத்தா இதுவும் போயிரும்."

"ஆமா."

"இது இருந்துட்டுப் போகட்டுமே, டீச்சர்."

"உங்க இஷ்டம்."

டீச்சர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டார்.

சங்கரபாண்டியன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு வேண்டும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளாவது தூங்க வேண்டும். அவ்வளவு ஆசையாக இருந்தது.

ஆனால் பேராச்சி சாய்ந்து சாய்ந்து நடப்பவள். நிழல் கண்ட இடமெல்லாம் நின்று முழங்காலைப் பிடித்துக்கொள்வாள். வீட்டிலிருந்து போன கோணல் கோட்டில் அந்த நிற்றல் எல்லாம் இருந்தது. இதில் ஒன்றுகூட இல்லை. இப்படி நேராக அவள் ஒரு நாளும் நடந்ததில்லை.

துப்புரவை எடுத்துவிட்டார். மறுபடி ஓட்டினார்.

குளத்தின் மேலிருந்த கோடு போய்விட்டது. பேராச்சி பஸ் ஸ்டாப்பில் நின்றுவிட்டாள். அதற்கு மேல் அந்தாண்டையும் போகவில்லை, இந்தாண்டையும் வரவில்லை.

ஆனால் வரைபடத்துக்குக் கீழே, அசைவைக் காட்டும் வரியில், துப்புரவு நேராக்கி வைத்திருந்த இடத்தில், இப்போது வேறொரு கோடு வந்திருந்தது.

சமதரை. சின்ன மேடு. சமதரை. சின்ன மேடு.

சாயங்காலம் வரை அதுதான்.

சங்கரபாண்டியன் திரைக்கு அருகில் குனிந்தார். அது என்ன என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எந்தப் பஸ்ஸிலயும் ஏறல, டீச்சர். உட்கார்ந்தே இருந்திருக்கா. போனை எடுக்கிறதும் வைக்கிறதுமா."

டீச்சர் திரும்பாமலே கேட்டார்.

"அந்நேரம் நீங்க வீட்டுல என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க, அண்ணாச்சி?"

சங்கரபாண்டியன் ஒரு மேட்டின் மேல் விரலை வைத்தார்.

"இதேதான், டீச்சர்."