சுண்ணாம்புக் கோடு

நல்லூத்துப்பட்டி ஸ்டேஷனை அந்தக் காலத்தில் இரண்டு ரயில் கம்பெனிகள் பொதுவில் வைத்திருந்தன. வடக்குக் கம்பெனி சூப்பிரண்டு ஜம்புலிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. பிளாட்பாரத்தின் நடுவே சுண்ணாம்பால் ஒரு கோடு போடச் சொன்னார்.

"தெற்குக் கம்பெனி ஆள் எவனும் என் கையெழுத்து இல்லாமல் இதைத் தாண்டக் கூடாது. ரயிலும் ஒரு நிமிஷம் பிந்தக் கூடாது."

"சரிங்கய்யா" என்றான் வெயிலுமுத்து. அவன் தெற்குக் கம்பெனி ஆள். இரும்பு வளையம் ஒன்று கைக்கு வராமல் எந்த டிரைவரும் ரயிலை எடுக்க மாட்டார். இரண்டு கம்பெனி ரயிலுக்கும் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. டிரைவர் எஞ்சினை விட்டு இறங்கக் கூடாது; வெயிலுமுத்துவும் வளையத்தை வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது. அது சட்டம்.

மறுநாள் காலை வடக்கு ரயிலில் சூப்பிரண்டே ஏறினார். பத்து மணிக்கு அவர் பெரிய துரையைப் பார்க்க வேண்டும். எஞ்சின் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. வெயிலுமுத்து வளையத்தோடு இந்தப் பக்கம் நின்றான். ரயில் நகரவில்லை.

சூப்பிரண்டு இறங்கி ஓடிவந்தார். "கொண்டுபோய்க் கொடேன்டா."

"உங்க கையெழுத்து இல்லீங்களே."

அவசரமாக ஒரு தாளில் கிறுக்கிக் கொடுத்தார். அவன் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

"இது இந்த ரயிலுக்குங்க. மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ரெண்டு வருது. ஐயா அதுவரைக்கும் இங்கேயேதான் இருப்பீங்களா?"

சூப்பிரண்டு பூட்ஸ் காலால் கோட்டைத் தேய்த்து அழித்தார்.

மழையில் கோடு அழிந்துவிட்டது என்று ஸ்டேஷன் டைரியில் எழுதச் சொன்னார். ஊரில் மழை பெய்து நான்கு மாதம் ஆகியிருந்தது.