உளுந்து வடைக்கு விழுந்த ஓட்டு

நாச்சிமுத்துவுக்கு வயசு அறுபது. அவர் குருவாக வரித்துக்கொண்ட மரகதம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதனால் என்ன? தோற்றுப்போய் வந்த மனிதர் வயசையா பார்ப்பார்?

அஞ்சு வருஷம் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். மறுபடி நின்றார், மண்ணைக் கவ்வினார். ஓட்டு எண்ணிய அன்றைக்கே, வீட்டுக்குக்கூடப் போகாமல், மலையடிவாரத்தில் மரகதம்மா நடத்தும் மடத்துக்கு வந்துவிட்டார். சம்சாரம் வந்து அழுது கூப்பிட்டுப் பார்த்தாள். மனிதர் அசையவில்லை. மாசம் ஒன்று ஓடிய பிறகு மரகதம்மா முன்னால் போய் நின்றார்.

"எனக்குக் காவி குடுத்துருங்கம்மா. அந்த ஊர்க்காரங்க மூஞ்சியில இனி முழிக்க மாட்டேன்."

"ஏனுங்க?"

"மண்ணு மூடிக் கெடந்த வாய்க்காலைத் தூர் வாரினேன். கடைமடை வரைக்கும் தண்ணி போச்சு. எதிர்ல நின்னவன் என்ன பண்ணினான்? கோயில் நோம்பிக்குப் பாட்டுக் கச்சேரி வெக்கறேன்னான். அவனுக்குக் குத்திட்டாங்க! அப்படி என்னம்மா வெறுப்பு என்மேல?"

மரகதம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"நாளைக்கு அமாவாசை. சமையல்கட்டுக்கு ஆள் எடுக்கோணும். காவியை அதுக்கப்புறம் பாப்போம்" என்றார்.

அந்த மடத்தில் அப்படியொரு வழக்கம். அமாவாசைக்கு அமாவாசை, அடுத்த மாசம் சமையலை யார் பார்ப்பது என்று மடத்தில் இருப்பவர்களே முடிவு செய்வார்கள். நிற்கிறவர்கள் ஆளுக்கொரு பானை வைப்பார்கள். பிடித்தவர் பானையில் புளியங்கொட்டை போட வேண்டியது.

இந்தத் தடவை ரெண்டு பேர். போன மாசம் சமையல் பார்த்த அங்கமுத்து, பானையை வைத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். சடையப்பனோ, "வெள்ளிக்கிழமை தவறாம உளுந்து வடை!" என்று ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான். கொட்டையெல்லாம் சடையப்பன் பானையில்தான் விழுந்தது.

மரகதம்மா நாச்சிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க யாருக்குப் போட்டீங்க?"

நாச்சிமுத்து நெளிந்தார். "சடையப்பனுக்குத்தானுங்க. வடை தின்னு எத்தனை நாளாச்சு!"

"அங்கமுத்து மேல என்ன கோவம்?"

"ஐயோ, கோவமா! தங்கமான மனுசன்."

"போன மாசம் மடத்துல ஒருத்தருக்கும் வயித்துவலி வரலை. கவனிச்சீங்களா?"

"இல்லீங்களே."

"குடிக்கற தண்ணி பூராத்தையும் அவர்தான் தினமும் காய்ச்சி ஆற வெச்சாரு."

"எனக்கு எப்படிங்க தெரியும்? இத்தனை பேர் இருக்கறப்ப என் ஒரு கொட்டையிலயா எல்லாம் மாறப் போவுது? அதுக்குப் போயி, யார் என்ன செய்யறாங்கன்னு சமையல்கட்டு வாசல்லயே காவல் கெடக்க முடியுமா? அவனவனுக்கு ஆயிரம் சோலி..."

படபடவென்று பேசிக்கொண்டு வந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

"அப்போ... ஊர்லயும் இதேதானாம்மா?"

மரகதம்மா சிரித்தார்.

"அவங்க என்னை வெறுக்கலையா?"

"நீங்க அங்கமுத்துவை வெறுத்தீங்களா?"

"அப்பாடா!" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார் நாச்சிமுத்து. கண்ணெல்லாம் தண்ணீர். அத்தனை நாளாகச் சோறு இறங்காமல் கிடந்த மனிதருக்கு அப்போதுதான் பசியே தெரிந்தது.

எழுந்து நேராக அங்கமுத்துவிடம் போனார். "மன்னிச்சிருங்க. நான் உங்களுக்குப் போடலை."

"அட விடுங்க" என்றார் அங்கமுத்து. "நானே சடையப்பனுக்குத்தான் போட்டேன்."

மறுநாள் காலையில் நாச்சிமுத்து பையும் கையுமாக மரகதம்மா முன்னால் வந்து நின்றார். காவிப் பேச்சையே எடுக்கவில்லை.

"ஊட்டுக்குப் போறேனுங்க. அடுத்த எலெக்சன்லயும் நிப்பேன்."

"நல்லா நில்லுங்க. ஆமா, வாய்க்கா தூர் வாரினதை ஊருக்குள்ள யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"செஞ்சதைச் சொல்லிக் காட்டறது நமக்குப் பழக்கமில்லீங்க. தண்ணி ஓடறது அவங்க கண்ணுக்குத் தெரியாதா?"

"தண்ணி வயலுக்குத்தானுங்க போகும்" என்றார் மரகதம்மா. "வாசல் வாசலா நீங்கதான் போகோணும்."