பத்தொன்பதாவது குழல்

"வெட்ட அனுமதி குடுங்க மேடம். வேற வழியே இல்ல," என்றாள் ஜெபசெல்வி.

பேராசிரியை தவமணி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஜெபசெல்வி ஆறு வருடமாக ஆராய்வது சுண்டுவிரல் நீளக் குழல்களை. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் கல்லாகிப்போன ஓடு. உள்ளே குடியிருந்தது புழுவா, சிப்பி இனமா, பவளமா, யாருக்கும் தெரியாது.

ஆய்வேட்டில் அவள் அதையேதான் எழுதினாள், தெரியவில்லை என்று. தெரியாததற்கெல்லாம் பட்டம் கிடையாது என்று கமிட்டி திருப்பி அனுப்பிவிட்டது. அந்தக் கமிட்டியில் ஒருவர்கூட இந்தக் குழலைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை கடைசி வாய்ப்பு.

குழலைக் குறுக்கே வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்தால் ஓட்டின் அடுக்குகள் தெரியும். அடுக்கு ஏதாவது சொல்லக்கூடும்.

ஆனால் முழுசாக மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. அவை கிடைத்த சுண்ணாம்புக்கல் குவாரி எப்போதோ சிமென்டாகிவிட்டது.

"நீங்க பதினெட்டு வெட்டினீங்க. அதை வச்சுக் கட்டுரை எழுதினீங்க. நான் ஒன்னு கேட்டா மட்டும் கூடாதா?"

"கூடாதுன்னு சொன்னேனா?"

தவமணி ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். "முதல்ல உள்ள இருந்த உயிரோட பேரை எழுது. அப்புறம் வெட்டு."

"வெட்டாம எப்படி மேடம் தெரியும்?"

"கமிட்டிக்கு எது பிடிக்கும்னு தெரியுமில்ல?"

ஜெபசெல்வி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். புழு.

தவமணி சாவியை எடுத்து, தன் மேசையின் இழுப்பறையைத் திறந்தார். பதினெட்டுக் கண்ணாடித் துண்டுகள். ஜெபசெல்வி அந்தக் கட்டுரைகளை மனப்பாடமாகப் படித்திருந்தாள். இவற்றைப் பார்த்ததில்லை.

ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு. புழு. சிப்பி. புழு. பவளம். மறுபடி புழு.

கண்ணாடியின் ஓரத்தில், வெட்டிய தேதி கீறியிருந்தது. சீட்டின் தேதியைப் பார்த்தாள். அது ஒரு நாள் முந்தி.

அடுத்ததை எடுத்தாள். அதுவும் ஒரு நாள் முந்தி.

பதினெட்டையும் பார்த்து முடித்தாள். எல்லாமே அப்படித்தான்.

"அப்ப வெட்டினதுல என்னதான் தெரிஞ்சுது?"

"முதல் குழல்லயே தெரிஞ்சுபோச்சு. இதை வச்சு ஒன்னும் சொல்ல முடியாதுன்னு."

"அப்புறம் எதுக்கு மேடம் மீதி பதினேழு?"

தவமணி கடைசிக் குழலை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒவ்வொரு தடவையும் எனக்கும் ஒரு கமிட்டி இருந்துச்சு," என்றார்.

ரம்பத்தின் சுவிட்சைப் போட்டார்.