விளக்கு அணையாத பேச்சு

மணவைக்கோட்டை அரசவையில் ஒரு விளக்கு இருந்தது. அதன் முன்னால் யாராவது பொய் சொன்னால் பட்டென்று அணைந்துவிடும். சொன்னவன் கதி அவ்வளவுதான். ஆகவே அந்த அவையில் யாரும் பொய் சொல்வதில்லை. அதற்காக அங்கே குழிபறிப்பே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையை வைத்தே ஆளைக் கவிழ்க்கப் பழகிக்கொண்டார்கள், கெட்டிக்காரர்கள்.

அமைச்சர் விடங்கன் நல்ல மனுஷர்தான். ஆனால் மறுநாள் அவையில் அவர் சொல்லவேண்டிய உண்மை ஒன்று தொண்டையில் மீன்முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. தன் ஆசிரியை எயினியம்மையைத் தேடிப் போனார். அந்த அம்மாள் முன்பு தலைமை அமைச்சராக இருந்தவர். அரசர் இன்றைக்கும் அவர் பேச்சுக்குக் காது கொடுப்பார்.

உச்சி வெயில். மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் பனங்கற்கண்டு மூட்டையோடு விடங்கன் நடந்தார். அம்மாள் வீட்டு வாசலில் எருமை மறித்துப் படுத்திருந்ததால் கொல்லைப்புறமாக நுழைந்தார். எயினியம்மை அவரைக்கொடியைப் பந்தலில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, முகமே சரியில்லையே?”

“கோட்டைச் சுரங்கவழியை யாரோ எதிரிக்குச் சொல்லிவிட்டார்கள் அம்மா. நாளைக்கு விசாரணை. எதிரியின் தூதன் நம் படைத்தலைவர் பூதன் வீட்டுக்குள் போனதை நான் பார்த்தேன்.”

“எப்போது?”

“அடைமழையில். ஒதுங்கத்தான் போயிருப்பான் என்று தோன்றுகிறது. சொன்னால் பூதன் தலை போகும். என்னோடு ஒரே இலையில் சாப்பிட்டவர். ஆனால் பார்த்தது உண்மைதானே? விளக்கு அணையாது. சொல்லலாமா?”

“தலைமை அமைச்சர் பதவிக்கு யார் பெயர் அடிபடுகிறது?”

விடங்கன் தரையைப் பார்த்தார். “பூதன் பெயரும் என் பெயரும்தான்.”

எயினியம்மை அவரைக்கொடியை விட்டுவிட்டுத் திரும்பினார். வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அண்டைவீட்டுக்காரியைக் கூப்பிட்டார்.

“அடியே அல்லி, இங்கே பாரேன். நாளைக்கு விசாரணை. இன்றைக்கு அமைச்சர் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, கொல்லை வழியாக, மூட்டையோடு என் வீட்டுக்கு வந்திருக்கிறார்.”

அல்லி மூட்டையைப் பார்த்தாள், அமைச்சரைப் பார்த்தாள். “அடக் கண்றாவியே, இவரும் லஞ்சம் கொடுக்கிற ஆள்தானா” என்று முணுமுணுத்தபடி, ஈரத்துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளே போனாள்.

விடங்கனுக்கு வியர்த்துவிட்டது. “அம்மா, ஊரெல்லாம் சொல்லிவிடுவாளே. வெயிலுக்குத்தான் துண்டு போட்டேன். வாசலில் எருமை…”

“நான் சொன்னதில் எது பொய்?”

விடங்கன் மூட்டையைக் கீழே வைத்தார். அவமானத்தில் கண் கலங்கியது. எயினியம்மைக்கே பாவமாகிவிட்டது. பந்தல் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

“அல்லியிடம் நான் விவரம் சொல்லிக்கொள்கிறேன், விடு. நீ கெட்டவன் இல்லை. கெட்டவன் என்றால் என்னிடம் கேட்க வந்திருக்க மாட்டாய்.”

“அப்படியானால் நாளைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்துவிடட்டுமா?”

“எதற்கு? தாராளமாகச் சொல். அந்தப் பதவி மேல் எனக்கு ஆசை இருக்கிறது என்று முதலில் சொல். அப்புறம் மழையைச் சொல். கடைசியில் தூதனைச் சொல்.”

விடங்கன் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, ஆசை, மழை, தூதன் என்று விரல் மடக்கிச் சொல்லிப் பார்த்தார்; முதல் விரலை மடக்கத்தான் வெகுநேரம் பிடித்தது.