மாந்தோப்புக்கு ஒரு குடை

தாய் தகப்பன் இல்லாத இரண்டு பெண்பிள்ளைகளுக்கு மிஞ்சிய சொத்து ஒரு மாந்தோப்பு, நூறு மரம். அதைக் கவனிக்கக் கோர்ட்டு வைத்த நிர்வாகி அருணகிரி. அவரே மரங்களை வெட்டி விற்றுவிட்டார் என்று முன்சீப் முன்னால் வந்து நின்றாள், தோப்புக்குத் தண்ணீர் இறைத்த மூக்காயி.

"தோப்பு காடா நிக்குது! இல்லைங்கிறவ அதை இங்கே தூக்கிட்டு வந்து காட்டட்டும்," என்று பாய்ந்தார் அருணகிரி.

"நாளைக்கே காட்டுறேன். உச்சி வெயில்ல அந்த மர நிழல்லயே விசாரணை வைங்கய்யா. வண்டி மரத்தடி வரைக்கும் போகும்," என்றாள் மூக்காயி.

முன்சீப் சம்மதித்தார். அருணகிரியும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

மறுநாள் வெயில் கொளுத்தியது. கோர்ட்டு வாசலில் முன்சீப் வெறுங்கையோடு கூண்டு வண்டியில் ஏறினார். அருணகிரி பெரிய குடையோடு வந்தார்.

"அய்யா, தோப்பைக் கொண்டாந்துட்டேன்," என்றாள் மூக்காயி. "காடா நிக்கிற மரத்தடிக்குப் போக இவருக்கு மட்டும் குடை எதுக்குன்னு கேளுங்க."

முன்சீப் வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை.

"குடையை இங்கே வச்சுட்டு வண்டியில ஏறும்," என்றார்.

அருணகிரி ஏறவில்லை. இடுப்பிலிருந்த தோப்புச் சாவியை அவிழ்த்து நீட்டினார். அந்த நிமிஷமே பதவி போயிற்று.

குடையை மட்டும் அவர் விடவில்லை. வீட்டுக்கு வெயிலில்தானே நடக்க வேண்டும்!