தளவாய் செய்த தூண்டில்

ராஜாவுக்குப் பொழுது போகவில்லை என்றால் யாராவது ஒருவன் தலை உருளும். வெள்ளாற்றூரில் அன்றைக்கு அந்த ஒருவன் மாசிலான். அரண்மனை ஏரியில் மீன் பிடிக்கிற ஆள்.

ராஜா மழவராயருக்குத் திடீரென்று தூண்டில் ஆசை. மாசிலான் தன் மூங்கில் கோலை நீட்டினான். விரல் மொத்தம்தான், நுனி துள்ளியது. நூலோ தலைமயிர் மாதிரி. அதன் முனையில் இரைக்குப் பதில், மரத்தில் செதுக்கிய குட்டி மீன். புளியங்கொட்டை கனம் இருந்தால் அதிகம்.

“ராஜா பிடிக்கிற கோலா இது?” என்றார் தளவாய் வயிரவநாதர். மீனைத் தட்டில் மட்டுமே பார்த்தவர். ஆனால் படைத்தலைவர் இல்லையா, எல்லாம் தெரியும்.

மறுநாளே ராஜகோல் வந்தது. தொடை மொத்தத்தில் கருங்காலிக் கட்டை, தங்கப் பூண். நூலுக்குப் பதில் கூடாரக் கயிறு. குட்டி மீனை மட்டும் மாற்றவில்லை. அதை ராஜா கையில் பிடிக்கப் போவதில்லையே.

ராஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு வீசினார். குட்டி மீன் கம்பீரமாகப் பறந்து அவர் கால் விரல்மேலேயே விழுந்தது. மறுபடி வீசினார். தலைப்பாகையில் மாட்டியது. சபை மொத்தமும் அவசரமாக வானத்தைப் பார்த்தது.

“குட்டி மீனில் மாசிலான் ஏதோ செய்திருக்கிறான்” என்றார் தளவாய்.

“நாளைக் காலை நான் இதே கோலில் வீசினால் குட்டி மீன் நடு ஏரிக் கல்தூணைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் அவன் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்” என்றார் ராஜா.

மாசிலான் நேரே குப்பாண்டியிடம் ஓடினான். குப்பாண்டி சபையில் வாய் சாமர்த்தியத்துக்குச் சோறு வாங்குகிறவன்.

“கோலு வளைஞ்சு நிமிந்தாத்தான் சாமி இரை பறக்கும். இந்தக் கட்டை வளையணும்னா இரை அத்தனை கனமா இருக்கணும். கயித்தை இழுத்துக்கிட்டுப் போறதுக்கும் கனம் வேணும். கோலு, நூலு, இரை, மூணும் ஒத்துப் போவணும்.”

“இதைத் தளவாயிடம் சொல்வதுதானே?”

“சொன்னேன் சாமி. நீ எத்தனை போருக்குப் போயிருக்கேன்னு கேட்டாரு.”

குப்பாண்டிக்குச் சிரிப்பு வந்தது. ராஜா பிடித்த கோலைக் குறை சொன்னால் ராஜாவைச் சொன்ன மாதிரி. சொல்கிறவன் மாசிலானோடு சேர்ந்து மூட்டை கட்ட வேண்டியதுதான். குறையைச் செய்தவர் வாயிலிருந்தே அது வர வேண்டும்.

காலையில் ஏரிக்கரைக்கு ஒரு பெரிய தராசோடு வந்தான்.

“கோல் அருமை, மகாராஜா. கயிறு அதைவிட அருமை. இரைதான் கனம் போதாது. சோதித்துப் பார்த்துவிட்டேன். ஆட்டுக்கடாவைக் கட்டினேன், கோல் அசையவே இல்லை. ஒன்பது மணங்கு, அதாவது மூன்று கடா கனம், கட்டினால் அழகாக வளைகிறது.”

“அத்தனை கனத்துக்கு எங்கே போவது?”

“எங்கேயும் போக வேண்டாம்.” குப்பாண்டி தளவாயை மேலும் கீழும் பார்த்தான். “அரண்மனையில் அந்தக் கனத்துக்கு ஒருவர்தான் இருக்கிறார். ராஜவிசுவாசி வேறு.”

ராஜாவுக்குக் கண் மின்னியது. “ஏறும் வயிரவநாதரே.”

ஒன்பது மணங்குக்குத் தராசு சரியாக நின்றது. குப்பாண்டி தளவாயின் இடுப்பில் கயிற்றைக் கட்டினான்.

“ஏரியில் முதலை இருக்கிறது” என்றார் தளவாய்.

“இருக்கட்டுமே. அதுவும் இரையைக் கடிக்கிற ஜாதிதானே” என்றான் குப்பாண்டி.

ராஜா கோலைத் தூக்கினார். தளவாய் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மகாராஜா, இந்தக் கட்டை எதற்கும் லாயக்கில்லை. சின்ன இரைக்கு வளைகிற கோலும் மெல்லிய நூலும்தான் வேண்டும்.”

“யார் சொன்னது?”

“மாசிலான். முந்தாநாளே சொன்னான். நான்தான் அவன் வாயை அடைத்தேன்.”

ராஜா மாசிலானின் மூங்கில் கோலை வாங்கி வீசினார். குட்டி மீன் கல்தூணைத் தாண்டி விழுந்தது. “ஏரி இனி மாசிலானுக்கும் அவன் பிள்ளைகளுக்கும்” என்றார். கருங்காலிக் கோலை எட்டி உதைத்தார். “ஒரு மீன்கூடப் பிடிக்காத இதை அடுப்பில் வையுங்கள்.”

“அப்படிச் சொல்லலாமா மகாராஜா” என்றான் குப்பாண்டி, தளவாயின் இடுப்புக் கயிற்றைச் சுண்டியபடி. “தண்ணீரில் இறக்காமலே ஒன்பது மணங்கு பிடித்திருக்கிறதே.”