மண்ணீரலுக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி

"ஆமா சார், நான்தான் எழுதினேன். பேனா என்னோடது, கையெழுத்து என்னோடது, கேள்விக்குறியும் என்னோடதுதான். திமிரா? சரி, திமிருன்னே வச்சுக்கோங்க. கேஸ் ஷீட்டக் கிழிச்சுட்டு வேற எழுதணுமா? நீங்களே வந்து கிழிங்க. வைக்கிறேன்."

போனை மேசையில வீசினா எப்சிபா. சர்ஜரி மேல்படிப்பு, மூணாம் வருஷம். ஆஸ்பத்திரி முழுக்க அவ வாய்க்கு பயம்.

நிமிர்ந்து பாத்தா, வாசல்ல கோமதிநாயகி மேடம். பன்னெண்டாம் கட்டில்காரருக்கு ஆபரேஷன் பண்ணினவங்க. எப்சிபாவுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்குடுத்தவங்களும் அவங்கதான். கையில அதே கேஸ் ஷீட்.

'மண்ணீரலும் அகற்றப்பட்டது.' அதுக்குப் பக்கத்துல, தாள் கிழியுற மாதிரி அழுத்தி ஒரு கேள்விக்குறி.

"இதுல என்ன கேக்குற?"

"அது தேவையான்னு கேக்குறேன் மேடம். பரோட்டா மாஸ்டர் சொள்ளமுத்துக்குக் கணையத்தோட வால்ல இருந்தது பட்டாணி சைஸ் கட்டி. சாதுவான கட்டி, புத்து கிடையாது. நாலு துளை போட்டு வால் நுனிய மட்டும் எடுப்போம், மண்ணீரலத் தொட மாட்டோம்னு நீங்கதான அவர்கிட்ட சொன்னீங்க?"

"சொன்னேன்."

"ரத்தக்குழாய் லேசாக் கிழிஞ்சுது. தச்சிருக்கலாம். இருபது நிமிஷ வேலை. வெளிய அடுத்த கேஸ் காத்துட்டு இருந்துது, மொத்தமா அள்ளிட்டீங்க. அவர்கிட்ட கையெழுத்து வாங்கின படிவத்துலதான் 'தேவைப்பட்டால்'னு ஒரு வார்த்தை போட்டு வச்சிருக்கோமே! யாருக்குத் தேவைப்பட்டா மேடம்? அவருக்கா, நமக்கா?"

மேடம் உக்காரல. "அவருக்குத் தெரியுமா?"

"யாருமே சொல்லல. இன்னிக்குக் காலைல நான் சொன்னேன். 'சுவரொட்டியவா எடுத்திட்டிய?'ன்னாரு. கறிக்கடையில ஆட்டு மண்ணீரலுக்கு அதான பேரு. 'ரத்தம் ஊறட்டும்னு எத்தன பேருக்கு வறுத்துக் குடுத்திருக்கேன் டாக்டரம்மா! என்னோடத எந்தத் தட்டுல வச்சிய?' சிரிச்சுக்கிட்டே கேட்டாரு மேடம். நான் எங்க போய் முட்டிக்க? கிருமியத் தடுக்க மண்ணீரல் இல்லாம, இனிமே சின்னதாக் காய்ச்சல் அடிச்சாக்கூட அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வரணும். பரோட்டாக் கல்லு முன்னாடி நிக்கிற மனுஷன், உடம்பு சுடுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாரு?"

மேடம் அந்தக் கேள்விக்குறியையே பாத்துட்டு நின்னாங்க.

"அன்னிக்கு வயித்துக்குள்ள விட்ட கேமராவ யார் பிடிச்சது?"

"நான்தான்."

"ரத்தம் வந்தத திரையில பாத்தியா?"

"எல்லாருக்கும் முன்னாடி நான்தான் பாத்தேன்."

"தச்சிடலாம்னு அப்பவே தோணுச்சா?"

"தோணுச்சு."

"சொன்னியா?"

டீ ஆறிப்போச்சுன்னு கேன்டீனையே ரெண்டாக்கின எப்சிபா, அன்னிக்கு மட்டும் கேமரா இம்மி அசையாம பிடிச்சுட்டு நின்னிருந்தா. வெளிய வரும்போது "நல்லாப் பிடிச்ச"ன்னு மேடம் தோள்ல தட்டினாங்க. அன்னிக்கு ராத்திரி வரைக்கும் அந்தத் தட்டுல அவளுக்குக் கால் தரையிலயே இல்ல.

"உங்க முன்னாடி... நான் எப்படி மேடம்..."

"இப்ப யார் முன்னாடி நிக்கிற?"

மேடம் பேனாவ எடுத்தாங்க. அவ போட்ட கேள்விக்குறிக்குப் பக்கத்துலயே இன்னொரு கேள்விக்குறி. கீழ தன் கையெழுத்து.

"நாளைக்குக் காலைல ரவுண்ட்ஸ். பன்னெண்டாம் கட்டில். உனக்கு போன் போட்ட சாரும் இருப்பாரு, சொள்ளமுத்து சம்சாரமும் இருப்பாங்க. மொதல் கேள்விக்கு சொள்ளமுத்து மூஞ்சியப் பாத்து நான் பதில் சொல்றேன். ரெண்டாவதுக்கு பதில் உன்னோடது. சத்தமாச் சொல்லு. வார்டுல கடைசிக் கட்டில் வரைக்கும் கேக்கணும்."